முள் குத்திய இடம்

"அண்ணே, ஏ.பி. குண்டுதானே போட்டேன்? அப்புறமும் அஞ்சுதானா?"

கேட்டவன் எங்கள் ஆட்டக் குழுவில் எல்லோருக்கும் இளையவன். மேசை மேல் ஐந்து பகடைகள் கிடந்தன. கூட்டினால் 17. கதையில் அவனுக்கு எதிரே நின்ற காவலாளி போட்டிருந்த குண்டு துளைக்காத அங்கியின் தடுப்பு 12. முந்தின சுற்றில் அவன் நண்பன் அதே காவலாளியைச் சாதாரணக் குண்டால் சுட்டபோதும் தற்செயலாக 17தான் விழுந்தது. பதினேழில் பன்னிரண்டு போக ஐந்து. காவலாளிக்கு ஐந்து புள்ளிக் காயம். இப்போது இவன் ஏ.பி. என்கிற கவசம் துளைக்கும் குண்டு போட்டிருக்கிறான். விதிப்படி அங்கியின் தடுப்பு பாதியாகி ஆறாகும். பதினேழில் ஆறு போக பதினொன்று உள்ளே போகும். ஆனால் இந்தக் குண்டு போடுவது ஒல்லியான துளை, காயமும் பாதிதான். ஐந்தரை, அரையை விட்டுவிட்டால் ஐந்து.

"அப்ப எதுக்கு அதிகக் காசு குடுத்து வாங்கினேன்?"

நியாயமான கேள்வி. அன்று ஆட்டத்தை நடத்தியவன் நான். விதிப் புத்தகம் என் மடியில்தான் இருந்தது. கணக்குத் தப்பில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த ஐந்து என்னை விடவில்லை. விடை தேடிப் போன வழியில்தான், ஒரு சின்ன எண் நூறு வருஷத்துக்கு மேலாகக் கைமாறிக் கைமாறி என் மடிக்கு வந்து சேர்ந்த கதை தெரியவந்தது.

இந்த வகை ஆட்டத்தைப் பார்க்காதவர்களுக்காக இரண்டு வரி. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, "நான் கதவை உடைக்கிறேன்", "நான் சுடுகிறேன்" என்று சொல்லுவார்கள். நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். அடி விழுந்தால் உடனே இரண்டு கேள்விகள் எழும். எங்கே விழுந்தது? அங்கே இருந்த கவசத்தைத் தாண்டியதா? முதல் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு அட்டவணை. இரண்டாவதற்கு ஆயுதத்தின் பெயருக்குப் பக்கத்தில் துளைப்பு என்று ஒரு எண். இரண்டும் தனித்தனியாக இருப்பதுபோல் தோன்றும். பிறக்கும்போது அவை ஒன்றாகத்தான் பிறந்தன.

பிறந்தது கடலில். 1898இல், இங்கிலாந்தின் கடற்படைத் துறைமுகமான போர்ட்ஸ்மத்தில் வாழ்ந்த ஃப்ரெட் டி. ஜேன் என்ற ஓவியர் ஒரு கடற்போர் விளையாட்டை வெளியிட்டார். இன்றைக்கும் உலகக் கடற்படைகள் புரட்டுகிற 'ஜேன்ஸ் ஃபைட்டிங் ஷிப்ஸ்' தொகுப்பைத் தொடங்கிய அதே ஜேன்தான். அந்தத் தொகுப்பும் அதே வருஷம் வந்தது, விளையாட்டுக்குத் துணையாக. ஒவ்வொரு போர்க்கப்பலுக்கும் ஓர் அட்டை. அட்டையில் கப்பலின் பக்கவாட்டுத் தோற்றம் கோட்டோவியமாக இருக்கும். எங்கே கவசம், அது எவ்வளவு கனம், எங்கே வெறும் தகடு என்று பகுதி பகுதியாகக் குறித்திருக்கும். நீர்மட்டத்தை ஒட்டிய கச்சைக்கு ஒரு தரம், பீரங்கிக் கூட்டுக்கு ஒரு தரம், தளபதி நிற்கும் கோபுரத்துக்கு ஒரு தரம். கவசத்தை எழுத்துகளால் தரம் பிரித்ததுபோலவே பீரங்கிகளையும் எதைத் துளைக்க வல்லவை என்று எழுத்துகளால் தரம் பிரித்தார்.

சுடுவதற்கு அவர் பகடையை நம்பவில்லை. கைப்பிடி வைத்த தட்டையான ஒரு கோல் செய்தார், ஈ அடிக்கும் மட்டையைப் போல. அதன் முகத்தில் ஒரு முள். முள் நட்டநடுவில் இருக்காது, சற்று விலகியிருக்கும். ஆட்டக்காரர் எதிரியின் கப்பல் அட்டையைப் பார்த்துக் குறி வைத்து மட்டையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்ட வேண்டும். அவர் நினைத்த இடத்துக்கு அருகில் எங்கோ ஒரு துளை விழும். மட்டையைத் தூக்கினால் அட்டையில் பொட்டுப்போல ஓர் ஓட்டை. அது கச்சையிலா, கோபுரத்திலா, புகைபோக்கியிலா, வெறும் கடலிலா என்று குனிந்து பார்க்க வேண்டும். பார்த்த பிறகு எழுத்தோடு எழுத்தை ஒப்பிட வேண்டும். இந்தப் பீரங்கி இந்த இடத்தைத் துளைக்குமா? துளைத்தால் உள்ளே என்ன இருக்கிறது, கொதிகலனா, வெடிமருந்தா?

ஜேனின் விளையாட்டில் நான் வியப்பது இதைத்தான். இடமும் துளைப்பும் ஒரே முள்ளின் இரண்டு முனைகள் போல இருந்தன. துளைப்பு வலிமை என்று பீரங்கிக்கு ஒரு தரம் இருந்தாலும், முள் எங்கே குத்தியது என்று தெரியும்வரை அதற்கு விலை கிடையாது. பெரிய பீரங்கியின் குண்டு கவசமில்லாத முனையில் பட்டால், துளைக்கும் வலிமையில் பெரும்பங்கு வீண்.

அதே காலத்தில் மனிதர்களைச் சுடும் குண்டுகளிலும் இதே வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. 1890களில் கல்கத்தாவுக்கு அருகிலிருந்த டம்டம் ஆயுதச் சாலையில் மூக்கு மழுங்கிய, உடலுக்குள் போனதும் விரிந்துகொள்ளும் துப்பாக்கிக் குண்டைச் செய்தார்கள். 1899இல் ஹேக் மாநாட்டுப் பிரகடனம் அந்த வகைக் குண்டுகளைப் போரில் தடுத்தது. விரிகிற குண்டு பெரிய காயம் செய்யும், கவசத்தின் முன்னால் தோற்கும். கடின எஃகு மூக்குக் குண்டு கவசத்தைத் துளைக்கும், உள்ளே போய் ஒல்லியான வழியை விட்டுச் செல்லும். ஒரே குண்டால் இரண்டையும் முழுமையாகச் செய்ய முடியாது. என் மேசையில் விழுந்த அந்த ஐந்துக்குள் இந்தப் பழைய பேரம் ஒளிந்திருந்தது.

ஜேனின் முள் வெகுதூரம் பயணம் செய்யவில்லை. 1930களில் நியூயார்க்கில் ஃப்ளெட்சர் பிராட் என்ற எழுத்தாளர், நண்பர்களைக் கூட்டித் தரையில் சின்னச் சின்னக் கப்பல்களைப் பரப்பி வேறொரு கடற்போர் ஆடினார். அவர் ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு சூத்திரம் போட்டார். பீரங்கியின் விட்டம், கவசத்தின் கனம், வேகம், எடை எல்லாவற்றையும் அதில் இட்டுக் கடைசியில் ஒரே ஒரு எண்ணை எடுத்தார். அடி விழ விழ அந்த எண் குறையும். ஆடுவதற்கு வசதிதான். ஆனால் கச்சையும் கோபுரமும் அந்த ஒற்றை எண்ணுக்குள் கரைந்துபோயின.

அந்தக் கரைந்த வடிவம்தான் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர்ந்தது. 1974இல் விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து கேரி கைகாக்ஸும், மினசோட்டாவின் டேவ் ஆர்னெசனும் சேர்ந்து எழுதிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வந்தது. முதல் அச்சு ஆயிரம் பிரதிகள். அதில் கவசத்துக்குக் 'கவச வகுப்பு' என்று ஒரு எண். கவசமே இல்லாதவனுக்கு 9. முழுத் தகட்டுக் கவசமும் கேடயமும் உள்ளவனுக்கு 2. தொடக்க நிலை வீரன் கவசமில்லாதவனை அடிக்க இருபது முகப் பகடையில் 10 போட்டால் போதும். தகட்டுக் கவசக்காரனை அடிக்க 17 வேண்டும். கவச வகுப்பு என்ற எண்ணமே அமெரிக்க உள்நாட்டுப் போரின் இரும்புக் கப்பல்களுக்காகத் தான் எழுதிய விதிகளிலிருந்து வந்தது என்று ஆர்னெசன் பிற்பாடு பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இரும்புக் கப்பலின் கவசம் கரையேறி மனிதன் தோளில் ஏறிவிட்டது.

ஏறும் வழியில் ஒன்றைத் தவறவிட்டது. இந்த விதியில் கவசம் அடியைக் குறைப்பதில்லை; அடியே படாமல் செய்கிறது. பட்டால் முழுக்கப் பட்டது, படாவிட்டால் இல்லவே இல்லை. வாள் கவசத்தில் மோதிச் சறுக்கியதா, காற்றில் போனதா என்று பகடை சொல்லாது. அப்படியிருக்க, கவசம் துளைக்கும் ஆயுதம் என்ற ஒன்றுக்கு இங்கே உட்கார இடமேது? ஒரே வழி, அது படுகிற வாய்ப்பைக் கூட்டுவது. 1975இல் வந்த 'கிரேஹாக்' இணைப்பு அப்படித்தான் செய்தது. எந்த ஆயுதம் எந்தக் கவச வகுப்புக்கு எதிராக எவ்வளவு கூடும், குறையும் என்று ஒரு நீண்ட அட்டவணை. இதன் வேர் 1971இல் கைகாக்ஸும் ஜெஃப் பெரெனும் எழுதிய 'செயின்மெயில்' போர் விதிகளில் இருந்தது. ஒவ்வொரு வீச்சுக்கும் அட்டவணையில் விரல் வைத்துத் தேடப் பொறுமையில்லாமல் பல மேசைகள் அதை ஒதுக்கிவிட்டன.

இடம் முதலில் திரும்பி வந்தது. அதே 1975இல் ஆர்னெசனின் 'பிளாக்மூர்' இணைப்பு வந்தது. அதில் உடலைத் தலை, மார்பு, வயிறு, கை, கால் என்று பிரித்து, அடிபட்டால் குறைகிற உயிர்ப்புள்ளிகளை ஒவ்வொன்றுக்கும் பங்கிட்டுக் கொடுத்தார். மனித உருவத்துக்கு மட்டுமல்ல, பறப்பவற்றுக்கும் ஊர்பவற்றுக்கும் பூச்சி உடல்களுக்கும்கூடத் தனித்தனிப் பட்டியல். ஆனால் கவசம் மட்டும் பழையபடி உடல் முழுவதற்கும் ஒரே எண். தலையில் அடிபட்டால் தலைக்கவசம் இருந்ததா என்று கேட்க வழியில்லை. பாதி வீடு கட்டி நிறுத்தியதுபோல.

கைகாக்ஸுக்கு இந்த வழி பிடிக்கவில்லை. 1979இல் வந்த தன் ஆட்ட நடத்துநர் கையேட்டில் காரணத்தை விளக்கமாகவே எழுதினார். உயிர்ப்புள்ளி என்பது சதையும் ரத்தமும் மட்டுமல்ல. திறமை, அதிர்ஷ்டம், தெய்வக் கடாட்சம் எல்லாம் கலந்தது. ஒரு சுற்று ஒரு நிமிடம். அதற்குள் எத்தனையோ வீச்சுகள். எந்த வீச்சு எந்த எலும்பில் பட்டது என்று தேடினால் சாகசக் கதை கசாப்புக் கணக்காகிவிடும் என்பது அவர் வாதத்தின் சாரம். அவர் ஆட்டத்துக்கு அது சரியான வாதம். பத்துப் பதினைந்து அடி வாங்கியும் நிற்கிற நாயகர்கள் வேண்டுமென்றால், ஒவ்வொரு அடிக்கும் உடலில் இடம் தேடக்கூடாது. ஆனால் வாளைக் கையில் பிடித்துப் பார்த்தவர்களுக்கு அந்தப் பதில் போதவில்லை.

அப்படிப்பட்டவர்கள் கலிஃபோர்னியாவில் இருந்தார்கள். 1966 மே மாதம் முதல் தேதி, பெர்க்லியில் ஒரு வீட்டுக் கொல்லையில் சில இளைஞர்கள் இடைக்கால உடையில் கூடி வாட்போர் ஆடினார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் 'சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரோனிஸம்' என்ற அமைப்பு. பிரம்பு வாள் ஏந்தி, நிஜக் கவசம் அணிந்து இன்றுவரை சண்டை போடுகிறார்கள். அதன் தொடக்கக்கால ஆட்களில் ஒருவர் ஸ்டீவ் பெரின். அவரும் ரே டர்னியும் வேறு சிலரும் சேர்ந்து, கிரெக் ஸ்டாஃபோர்டின் குளோரந்தா என்ற கற்பனை உலகத்துக்காக 1978இல் 'ரூன்குவெஸ்ட்' விதிகளை எழுதினார்கள்.

எழுதியவர்கள் அடி வாங்கியவர்கள் என்பது முதல் பக்கங்களிலேயே தெரியும். அடி பட்டதும் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். 1 முதல் 4 வரை வலது கால், 5 முதல் 8 வரை இடது கால், 9 முதல் 11 வரை வயிறு, 12 மார்பு, 13 முதல் 15 வரை வலது கை, 16 முதல் 18 வரை இடது கை, 19, 20 தலை. ஒவ்வொரு இடத்துக்கும் தனி உயிர்ப்புள்ளி, தனிக் கவசம். கவசம் அடியைத் தடுக்காது; அடியிலிருந்து தன் எண்ணைக் கழித்துக்கொள்ளும். மிச்சம் சதைக்கு. 1898இல் அட்டையில் கிடந்த கப்பல் எண்பது வருஷம் கழித்து மனித உடலாக எழுந்து நின்றது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அந்தப் பட்டியலைக் கொஞ்சம் நேரம் பார்த்துக்கொண்டிருங்கள். கால்களுக்கு இருபதில் எட்டு. மார்புக்கு ஒன்றே ஒன்று. கையில் கொஞ்சம் காசுதான் இருக்கிறது, எந்த உறுப்புக்கு முதலில் கவசம் வாங்குவாய்? படங்களில் வீரர்கள் மார்புக் கவசத்தைத்தான் முதலில் மாட்டுகிறார்கள். இந்தப் பட்டியலோ காலைக் காட்டுகிறது. இதைக் கற்பனை என்று தள்ளவும் முடியாது. 1361இல் ஸ்வீடனின் காட்லாந்து தீவில் விஸ்பி நகர மதிலுக்கு வெளியே நடந்த போரில் மடிந்தவர்களின் கூட்டுப் புதைகுழிகளை இருபதாம் நூற்றாண்டில் தோண்டினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்தன. வெட்டுத் தழும்புகள் முழங்காலுக்குக் கீழே குவிந்திருந்தன. கேடயம் மறைக்கிற இடத்தைவிட்டு வாள் கீழே இறங்கியிருக்கிறது. ரூன்குவெஸ்டின் 1984ஆம் வருஷப் பதிப்பு இதை இன்னும் நுட்பமாக்கி, அம்புக்கும் எறியீட்டிக்கும் தனிப் பட்டியல் போட்டது. அதில் மார்புக்கு இருபதில் ஐந்து, தலைக்கு ஒன்று. எறிபவன் உடலின் நடுவைப் பார்த்து எறிகிறான், அதனால்.

துளைப்பும் இங்கே திரும்பி வந்தது, ஆனால் வேறு முகத்தோடு. அடிக்கிறவனின் திறமைச் சதவீதத்தில் இருபதில் ஒரு பங்குக்குள் பகடை விழுந்தால் அந்த அடிக்குக் கவசமே கணக்கில்லை. அறுபது சதவீதத் திறமைக்காரனுக்கு நூறில் மூன்று முறை. கவசத்தை உடைத்துக்கொண்டு போனதாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. முகமூடியின் கண் துவாரம், அக்குள், முழங்காலின் பின்புறம் என்று கவசம் முடிந்து இன்னொரு கவசம் தொடங்குகிற சந்தில் வாள்முனை நுழைந்துவிட்டது. சந்தைக் கண்டுபிடிப்பது ஒன்று; தகட்டைத் துளைப்பது வேறொன்று. முதலாவது ஆளின் திறமை, இரண்டாவது ஆயுதத்தின் வலிமை. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பியதால்தான் எத்தனையோ விதிப் புத்தகங்கள் தடுமாறின என்பது என் எண்ணம்.

1980களில் அட்டவணைகள் பெருகின. 1986இல் ராபின் கிராஸ்பி எழுதிய 'ஹார்ன்மாஸ்டர்' ஒரே கவசத்துக்கு நான்கு எண்கள் கொடுத்தது: மொத்தைக்கு, வெட்டுக்கு, குத்துக்கு, நெருப்புக்கு. அதே வருஷம் வந்த 'ஃபீனிக்ஸ் கமாண்ட்' துப்பாக்கிக் குண்டின் துளைப்பையும் சேதத்தையும் இரண்டு தனி எண்களாகப் பிரித்து, பக்கம் பக்கமாக அட்டவணை போட்டது. அதே 1986இல் இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் வெளியிட்ட 'வார்ஹேமர் ஃபேண்டஸி ரோல்பிளே' மட்டும் அட்டவணையைச் சுருக்க ஓர் அழகான வழி கண்டது. நூறுக்குள் உருட்டிய எண்ணைத் திருப்பிப் படி. திறமை 41 உள்ளவன் 23 போட்டால் அடி பட்டுவிட்டது. 23ஐத் திருப்பினால் 32, வலது கை. இரண்டாவது முறை பகடை உருட்டத் தேவையில்லை. 2008இல் வந்த 'டார்க் ஹெரசி' இதையே எடுத்துக்கொண்டு ஆயுதத்துக்கு 'ஊடுருவல்' என்ற எண்ணையும் சேர்த்தது. போல்ட்கன் என்ற பெருந்துப்பாக்கிக்கு ஊடுருவல் 4. அடி பட்ட இடத்தின் கவசத்தில் நான்கைக் கழித்துவிடலாம். ஆனால் அந்த இடத்தில் கவசம் இரண்டுதான் இருந்தால் மிச்ச இரண்டு வீண். வெறுங்கையில் பட்டால் நான்கும் வீண். ஊடுருவல் எண் ஆயுதத்தின் பெயருக்கு எதிரே அச்சாகியிருந்தாலும், அதன் விலையைப் பகடையின் திருப்பிப் படித்த இலக்கம்தான் முடிவு செய்கிறது.

இனி அந்த ஐந்துக்கு வருகிறேன்.

1988இல் மைக் பாண்ட்ஸ்மித் எழுதிய 'சைபர்பங்க்', 1990இல் 'சைபர்பங்க் 2020' என்ற இரண்டாம் பதிப்பாக வந்தது. பத்து முகப் பகடையில் 1 விழுந்தால் தலை, 2 முதல் 4 வரை உடல், பிறகு கைகளும் கால்களும். ஒவ்வொரு இடத்திலும் கவசத்துக்கு 'தடுக்கும் திறன்' என்று ஓர் எண். கெவ்லார் உள்சட்டைக்கு 10, லேசான கவச மேலங்கிக்கு 14. ஒரு குண்டு துளைத்துவிட்டால் அந்த இடத்தின் எண்ணில் ஒன்று குறையும். கவசம் தன் காயத்தை நினைவில் வைத்துக்கொள்கிறது. எட்டுப் புள்ளிக்கு மேல் கையில் பட்டால் கை போயிற்று. தலையில் பட்டால் ஆளே போயிற்று. கவசம் துளைக்கும் குண்டுக்கு இதில் சொன்ன விதி: கவசம் பாதி, உள்ளே போன சேதமும் பாதி. டம்டமில் தொடங்கிய பேரத்தை இவ்வளவு சுருக்கமாக யாரும் எழுதவில்லை.

ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 20 சேதம், மேலங்கி 14. சாதாரணக் குண்டுக்கு 6. ஏ.பி. குண்டுக்கு மேலங்கி 7, உள்ளே 13, பாதி, 6. மறுபடியும் சமம்! தற்செயல் இல்லை. சேதம் கவசத்தைப்போல ஒன்றரை மடங்காக இருக்கும் புள்ளியில் இரண்டு குண்டும் சமம். அதற்குக் கீழே ஏ.பி. வெல்லும், மேலே சாதாரணக் குண்டு வெல்லும். கவசமே இல்லாதவன்மேல் ஏ.பி. போட்டால் பாதிச் சேதம் வீண். தலையில் பட்டால் சேதம் இரட்டிப்பு என்று சைபர்பங்க் சொன்னாலும் அது இரண்டு குண்டுக்கும் பொது. ஒன்றரை மடங்குக் கோடு நகர்வதில்லை. இடம் மாறினால் ஏ.பி. குண்டின் மதிப்பு மாறுவது அங்கே எத்தனை கவசம் என்பதால் மட்டும்தான்.

நாங்கள் ஆடியது 'கர்ப்ஸ்'. டெக்சஸ் மாநிலம் ஆஸ்டினில் ஸ்டீவ் ஜாக்சன் 1986இல் வெளியிட்டது. எங்களிடம் இருப்பது 2004இன் நான்காம் பதிப்பு. இதிலும் ஏ.பி. குண்டு கவசத்தை இரண்டால் வகுக்கும். ஆனால் சேதத்தை நேராகப் பாதியாக்காது. காயத்தின் வகையை ஒரு படி இறக்கும். சாதாரணத் துப்பாக்கிக் குண்டின் துளைக்காயம் ஒரு மடங்கு. ஒரு படி இறங்கினால் சின்னத் துளை, அரை மடங்கு. விரிகிற குண்டுக்கு இதன் நேர்எதிர்: கவசம் இரட்டிப்பாகும், காயம் ஒன்றரை மடங்காக ஏறும். உடலில் பட்டால் ஏ.பி. கணக்கு சைபர்பங்கின் கணக்கேதான். ஒன்றரை மடங்கு, அதே கோடு. அங்கி 12 என்றால் கோடு 18இல். பையன் போட்டது 17. அதனால்தான் ஐந்தும் ஐந்தும்.

வித்தியாசம் உடலைத் தாண்டினால்தான் தெரியும். கர்ப்ஸ் விதியில் இதயம், நுரையீரல் போன்ற உயிர்நிலையில் எந்த வகைத் துளைக்காயமும் மும்மடங்கு. சின்னத் துளையா பெரிய துளையா என்று அந்த விதி கேட்பதில்லை. மண்டையோட்டில் எந்த அடியும் நான்கு மடங்கு. ஒல்லியான துளைக்காக ஏ.பி. குண்டு கட்டிய அபராதம் அந்த இரண்டு இடங்களிலும் அழிந்துபோகிறது. கவசத்தைப் பாதியாக்கிய லாபம் மட்டும் மிஞ்சுகிறது. அதே 17, அதே அங்கி 12. உயிர்நிலையில் சாதாரணக் குண்டு உள்ளே விடுவது 5, மும்மடங்கு 15. ஏ.பி. உள்ளே விடுவது 11, மும்மடங்கு 33. தலைக்கவசம் 10 என்றும், மண்டையோட்டின் சொந்தத் தடுப்பு 2 என்றும் கூட்டினால் அங்கேயும் 12; சாதாரணம் 20, ஏ.பி. 44. சராசரி மனிதனின் உயிர்ப்புள்ளி 10 என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். விரிகிற குண்டோ இரட்டிப்பான கவசத்தில் மோதி வெளியிலேயே நின்றுவிடும்.

இதில் உடற்கூற்றின் நியாயமும் இருக்கிறது. தொடைச் சதையில் பென்சில் பருமன் துளைக்கும் கட்டைவிரல் பருமன் துளைக்கும் பெரிய வேறுபாடு உண்டு. இதயத்தில் விழுந்த துளைக்கு அந்த வேறுபாடு எவ்வளவு பொருட்டு? இதை ஒரு பெருக்கல் எண்ணுக்குள் அடக்கியவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஜேனின் முள் செய்ததை இவர்கள் எழுத்தில் செய்திருக்கிறார்கள். கவசங்களுக்கு இடையிலுள்ள சந்தையும் அவர்கள் மறக்கவில்லை. உடற்கவசத்தின் சந்தைக் குறிவைத்தால் திறமையில் எட்டுக் குறையும். பட்டால் கவசம் பாதி. திறமையால் பாதியாக்கலாம், அல்லது குண்டால் பாதியாக்கலாம்.

முள்ளின் பயணம் இதோடு நிற்கவில்லை. 2007இல் கென்சர் நிறுவனம் வெளியிட்ட 'ஏசஸ் அண்ட் எய்ட்ஸ்' என்ற கௌபாய் ஆட்டத்தில் எதிரியின் நிழலுருவப் படத்தின்மேல் ஒளி ஊடுருவும் தாளை வைத்துக் குறி பார்க்கிறார்கள். குறி எவ்வளவு, எந்தப் பக்கம் விலகியது என்று பகடையும் சீட்டும் சொல்லும். நடுவிலிருந்து விலகிய அதே முள்தான், தாளாக மாறியிருக்கிறது. கவசம்தான் அந்த மேற்கத்திய வீதியில் இல்லை. சைபர்பங்கோ 2020இல் 'ரெட்' பதிப்பாக வந்தபோது நீண்ட பட்டியலைக் கைவிட்டது. கவசத்துக்குத் தலை, உடல் என இரண்டே இடம். ஏ.பி. குண்டும் கவசத்தைப் பாதியாக்குவதில்லை. மற்ற குண்டுகள் உள்ளே போகும்போது கவசத்தில் ஒன்றைத் தேய்த்தால், இது இரண்டைத் தேய்க்கும். ஆட்டம் வேகமாகிவிட்டது, உண்மைதான். என்றாலும் முதல் குண்டிலேயே துளைக்காத ஒன்றைத் துளைக்கும் குண்டு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த வாரம் மேசையில் உட்கார்ந்ததும் தாளை அவனிடம் நீட்டினேன். "போன வாரம் நீ எங்கே சுடுறேன்னு சொல்லவே இல்ல தம்பி. சொல்லலைன்னா விதிப்படி உடம்புதான்." அவன் விரலால் வரிசை வரிசையாகப் படித்தான். அவன் பாத்திரத்தின் துப்பாக்கித் திறமை 14. உடலைச் சுட மூன்று பகடையில் 14க்குள் போட்டால் போதும், நூறில் தொண்ணூறு முறை படும். உயிர்நிலைக்கு மூன்று குறையும். 11க்குள் போட வேண்டும், அறுபத்திரண்டரை சதவீதம். மண்டையோட்டுக்கு ஏழு குறையும். 7க்குள், நூறில் பதினாறு. ரொம்ப நேரம் யோசித்தான். மற்றவர்கள் டீயை எடுத்துக்கொண்டார்கள்.

"உயிர்நிலை, அண்ணே."

மூன்று பகடைகள் உருண்டன. ஐந்து, நான்கு, மூன்று. பன்னிரண்டு. ஒன்று கூடிவிட்டது. உயிர்நிலைக்கு வைத்த குறி ஒன்றால் தவறினால் அடி உடலில் விழும், விதி அது. ஐந்து பகடைகளை எடுத்துச் சேதத்துக்குப் போட்டான். 18. அங்கி பாதியாகி ஆறு, உள்ளே பன்னிரண்டு, அதில் பாதி ஆறு. சாதாரணக் குண்டாக இருந்தாலும் பதினெட்டில் பன்னிரண்டு போக ஆறுதான்.

அவன் என் தாளைத் தன் பக்கம் இழுத்து, ஒன்றரை மடங்கு என்று எழுதியிருந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தான். அடுத்த தோட்டாப் பெட்டியில் என்ன வாங்கலாம் என்று பக்கத்திலிருந்தவனோடு மெல்லப் பேசத் தொடங்கினான்.